இடப்புற ஸ்விட்ச்

வாங்கிய நாளில் கொட்டிலுக்குப் பாதிக் கூரை.
மீதிப் பாதியில் வேல்ஸின் வானம்,
அதுவும் ஒழுகியது.

ஏணியில் நின்று கெதின் ஸ்லேட் கற்களை எண்ணினான்:
நானூற்றுப் பன்னிரண்டு நல்லவை,
மற்றவை கைவைத்ததும் பிஸ்கட்டாய் உதிர்ந்தன.
காப்பீட்டு அலுவலகத்தில் பதினோரு வருடம்
அடுத்தவர் வீட்டு ஒழுகலுக்கு விலை போட்ட கையால்
நான் கோழி எச்சம் சுரண்டினேன்.

ஏப்ரல் முழுக்கக் கேரவனில் படுக்கை.
பூட்ஸுக்குள் கால் விடுமுன் உதறக் கற்றோம்.
நத்தை.
ஒருமுறை, தேரை.
ஆறு ஏக்கர், ஒன்பது செம்மறி,
பெயர் வைக்கக் கூடாதென்று முடிவுசெய்து
இரண்டாம் நாளே பெயர் வைத்த பன்றி.
ஒரு சாண் தோண்டினால் கல்,
கல்லைப் பெயர்த்தால் அதன் அண்ணன்.

வௌவால் கணக்கெடுக்கக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
மூன்று அந்தி, நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.
கிழக்கு உத்தரத்தில் பதினேழு பேர் குடியிருக்கிறார்கள்,
செப்டம்பர்வரை அந்தப் பக்கம் ஆணி அடிக்காதீர்கள் என்றாள்.
வாடகை தராத பதினேழு பேர்.
நாங்கள் மேற்குச் சுவருக்குப் போனோம்.

மேற்குச் சுவரில்,
கதவுக்கு இடப்புறம், தோள் உயரத்தில்
பழைய ஸ்விட்ச் ஒன்று. கறுப்பு, வட்டம்.
சுற்றியிருந்த சுண்ணாம்பு
உள்ளங்கை அளவுக்கு எண்ணெயேறி மின்னியது.
ஒயரை எலி தின்றிருந்தது.
பிடுங்கி எறிந்துவிட்டுப் பூசினோம்.
வசதி வலப்புறம்தான் என்றார் எலக்ட்ரீஷியன்.

விற்றவள் மெய்னிர்.
அடுத்த மேட்டில்தான் இருந்தாள், என் வயது.
காசநோய்ச் சோதனையில் நாற்பத்தொரு மாடு தோற்றபின்
லாரியேற்றி அனுப்பிவிட்டுக்
கொட்டிலைப் பிரித்து எழுதிக்கொடுத்தவள்.
வேலிவரை வருவாள்.
கம்பத்தின் மேல் முட்டை அட்டையை வைத்துவிட்டுப் போவாள்.
உள்ளே வாருங்கள், தேநீர் என்றால்
பூட்ஸெல்லாம் சேறு என்பாள்.
எங்கள் தரையே சேறுதான் என்று சொல்லியும்.

மறு மார்ச்சில், இரவு இரண்டரைக்கு
காது கிழிந்த ஆடு முக்கத் தொடங்கியது.
ஒரு கால் மட்டும் வெளியே.
கெதின் புத்தகத்தைத் திறந்து
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
எது மேல்பக்கம் என்றே தெரியாமல்.
மெய்னிருக்குப் போன் செய்தேன்.
"தொடாதீர்கள்" என்றாள், வைத்துவிட்டாள்.

ஏழு நிமிடம்.
ஆடு மிரளுமென்று பெரிய விளக்கைப் போடாமல்
கடைசித் தடுப்பில் டார்ச்சோடு குனிந்திருந்தோம்.
கதவைத் தள்ளினாள். இரவுச் சட்டைமேல் மழைக்கோட்டு.
வந்த வேகத்தில் அவள் இடக்கை
தோள் உயரத்துக்குப் போய்ப்
புதுப் பூச்சைத் தொட்டது.
தடவியது.
இன்னொருமுறை, சற்றுக் கீழே.

நான் ஓடி வலப்புறத்தைத் தட்டினேன்.
வெளிச்சம் வந்தபோது
கையைக் கோட்டுப் பையில் செருகியிருந்தாள்,
எதையோ திருடியவள் போல.

பிறகு சோப்பு கேட்டாள்.
முழங்கைவரை விட்டு, கண்மூடி,
உள்ளே எதையோ மடித்தாள், திருப்பினாள்,
வேல்ஷில் ஆட்டைத் திட்டினாள், அல்லது கொஞ்சினாள்.
என் வேல்ஷ் அவ்வளவு தூரம் எட்டாது.
இரட்டைக் குட்டி.
முதலாவது மூச்சு விடவில்லை.
இரண்டாவது தும்மியது.

வைக்கோல் கட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள்.
உத்தரம் உத்தரமாகப் பார்த்தாள்.
"ஜன்னல் வைத்திருக்கிறீர்கள்."
நன்றாயிருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும்.

சனிக்கிழமை கெதின் உளியை எடுத்தான்.
நான் ஏனென்று கேட்கவில்லை.
ஒரு விளக்குக்கு இரண்டு ஸ்விட்சா என்று சிரித்துத்
தொண்ணூறு பவுண்ட் வாங்கிக்கொண்டார் எலக்ட்ரீஷியன்.

இடப்புறத்தை நாங்கள் தொடுவதில்லை.
அது இருப்பதே மறந்துவிடுகிறது.

நேற்று விடியலில் போனால்
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனியை
யாரோ உடைத்துவைத்திருந்தார்கள்.